மெலிசு வேறு, லேசு வேறு: ஒரு கிலோ லேப்டாப்களில் எதை எடுப்பது?

என் பழைய லேப்டாப்பின் பெட்டியில் 1.3 கிலோ என்று அச்சடித்திருந்தது. ஒருநாள் சும்மா இருக்க முடியாமல் அதைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். பொய்யில்லை, 1.31 காட்டியது. அப்புறம் சார்ஜரை வைத்தேன். கருப்புச் செங்கல் மாதிரி ஒரு பெட்டி, அதோடு சுவரில் செருகும் தடித்த வயர்: 390 கிராம். இத்தனை வருடம் தோளில் தொங்கியது 1.7 கிலோ. அதை நான் ‘லேசான லேப்டாப்’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கணக்கு மனதில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அக்கா புது லேப்டாப் வாங்கக் கிளம்பினாள். அவளுக்கு மொழிபெயர்ப்பு வேலை. நாள் முழுக்கத் தட்டச்சு, வாரத்தில் பாதி நாள் பயணம்.

“மெலிசா ஒண்ணு பார்த்துச் சொல்லுடா.”

“மெலிசாவா, லேசாவாக்கா?”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

விளம்பரங்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிச் சொல்லி நமக்கு அப்படிப் பழகிவிட்டது. எடை தோளுக்குத் தெரியும். தடிமன், மேசையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால்தான் தெரியும். பைக்குள் போனபின் 11 மில்லிமீட்டருக்கும் 16க்கும் எனக்கு வித்தியாசம் தெரிந்ததே இல்லை. ஆனால் விசை எவ்வளவு அமுங்கும், என்னென்ன போர்ட் இருக்கும், ஃபேன் இருக்குமா இருக்காதா என்பதெல்லாம் அந்த ஐந்து மில்லிமீட்டருக்குள்தான் முடிவாகிறது.

இந்த மெலிசு மோகம் எங்கே தொடங்கியது என்று பலருக்கும் நினைவிருக்கும். 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஒரு காகித உறைக்குள்ளிருந்து முதல் மேக்புக் ஏரை உருவிக் காட்டினார். அதன் மெல்லிய முனை 4 மி.மீ.தான். பார்த்தவர்கள் மனதில் நின்றது அந்த முனை. பின்பக்கத் தடிமன் 19.4 மி.மீ., எடை 1.36 கிலோ. இன்றைக்கு அதை யாரும் மெலிசு என்றோ லேசு என்றோ சொல்லமாட்டார்கள். தடிமன் என்று ஒரு எண்ணைச் சொன்னால், எந்த இடத்தில் அளந்தது என்று கேட்டுவிடுங்கள்.

அக்காவுக்காக நான் எடுத்துக்கொண்டவை நான்கு. ஆப்பிளின் எம்4 மேக்புக் ஏர் (13 அங்குலம், 2025), எல்ஜி கிராம் 14 (2023; ‘கிராம்’ என்பது இங்கே லேப்டாப்பின் பெயர்), லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் 12ஆம் தலைமுறை (2024), ஆசஸ் ஜென்புக் ஏ14 (2025). புதிதாக வந்ததை மட்டும் தேடவில்லை. இந்த ரகத்தில் ஓரிரண்டு வருடப் பழசு ஒன்றும் கெட்டுப்போவதில்லை.

ஏரும் கிராமும்

முதலில் இந்த இரண்டையும் அருகருகே வைக்கவேண்டும். ஏர் 11.3 மி.மீ. தடிமன், 1.24 கிலோ. கிராம் கிட்டத்தட்ட 17 மி.மீ., 999 கிராம். என் பட்டியலில் இருந்த நான்கில் மிக மெலிசானதுதான் மிகக் கனமானது! அக்காவின் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

காரணம் உலோகம். ஏரின் உடம்பு அலுமினியம். ஒரு கன சென்டிமீட்டர் 2.7 கிராம். கிராமின் உடம்பு மக்னீசியக் கலவை; அதே அளவு சுமார் 1.8 கிராம்தான். மூன்றில் ஒரு பங்கு எடை அங்கேயே போய்விடுகிறது. கிராமைக் கையில் எடுத்த அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “உள்ள எல்லாம் இருக்காடா? காட்சிக்கு வச்ச டம்மியா?” என்றாள். முதல்முறை தூக்குகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் கீபோர்டின் நடுவில், ஜி-க்கும் எச்-க்கும் இடையில் விரலால் அழுத்தினால் கிராம் லேசாக உள்வாங்குகிறது. மூடியின் இரு மூலைகளைப் பிடித்து மெல்ல முறுக்கினால் வளைகிறது. உடைந்துவிடும் என்று சொல்ல வரவில்லை, வளைந்துகொடுப்பதால் தாங்கவும் செய்யும். இருந்தாலும் கை அதை நம்ப மறுக்கிறது. ஏரை அழுத்தினால் கல்லை அழுத்துவதுபோல் இருக்கிறது. மூடியை ஒரே விரலால் திறக்கலாம், அடிப்பாகம் மேசையை விட்டு எழும்பாது. சின்ன விஷயம்தான், ஆனால் ஒரு நாளைக்கு இருபது தடவை செய்கிற விஷயம்.

பேட்டரிக்கு வருவோம். பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்பதைச் சொல்லும் அளவு வாட்-அவர். கிராமில் 72 வாட்-அவர், ஏரில் 53.8. எண்ணை மட்டும் பார்த்தால் கிராம்தான் அதிக நேரம் ஓடவேண்டும். தொட்டியின் கொள்ளளவு மட்டும் தெரிந்தால் போதாதே, குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதும் வேண்டும். எழுதுவது, படிப்பது, உலாவுவது என்று சராசரியாக 5 வாட் இழுக்கும் மெஷினில் 54 வாட்-அவர் கிட்டத்தட்ட பதினோரு மணி நேரம் வரும். 8 வாட் இழுத்தால் 72 வாட்-அவர் ஒன்பது மணி நேரத்தில் காலி. ஆப்பிளின் எம் வரிசைச் சிப்புகளின் பலம் இந்தச் சின்ன வேலைகளில் மிகக் குறைவாகக் குடிப்பதுதான். நிறுவனம் சொல்லும் 15 மணி நேர இணைய உலாவல் என்ற எண்ணைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொண்டாலும், ஒரு முழு வேலைநாள் சார்ஜர் இல்லாமல் ஓடும்.

இன்னொன்று: ஏரில் ஃபேன் கிடையாது. 2020இல் எம்1 வந்ததிலிருந்தே இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு எல்லோரும் தூங்கும் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அந்த நிசப்தத்தின் அருமை தெரியும். ஆனால் ஒரு நீண்ட வீடியோவை ஏற்றுமதி செய்யக் கொடுத்தால் முதல் சில நிமிடம் பறக்கும், சூடு ஏறியதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சூட்டை வெளியே தள்ள வழியில்லாதபோது வேறென்ன செய்யும்? அந்த வேலை தினமும் இருப்பவர் இந்த நான்கையுமே விட்டுவிட்டு அரைக் கிலோ கூடுதலாகத் தூக்குவது நல்லது.

விரல் சொல்லும் தீர்ப்பு

2015இல் ஆப்பிள் 12 அங்குல மேக்புக் ஒன்றைக் கொண்டுவந்தது. 920 கிராம், ஒரே ஒரு யுஎஸ்பி-சி போர்ட். அந்த மெலிசுக்குள் அடங்குவதற்காக ‘பட்டர்ஃப்ளை’ என்ற தட்டையான விசை அமைப்பைப் புகுத்தினார்கள். விசை அரை மில்லிமீட்டர்கூடச் சரியாக இறங்காது, ஒரு துகள் உள்ளே போனால் சிக்கிக்கொள்ளும். 2018இல் ஆப்பிளே இலவசப் பழுதுத் திட்டம் அறிவிக்கும் அளவுக்குப் போனது. 2020இல் ஏர், அதற்கு முன்பிருந்த ‘கத்தரி’ என்ற விசை அமைப்புக்கே திரும்பியது. மெலிசை விரட்டிப்போய் எழுத்தையே தொலைத்த கதை அது.

இப்போதைய ஏரில் விசை சுமார் ஒரு மில்லிமீட்டர் இறங்கும். எனக்குப் போதும். எக்ஸ்1 கார்பனில் 1.5 மி.மீ. காகிதத்தில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம்தான். அக்கா இரண்டிலும் ஒரே பத்தியை அடித்துப் பார்த்தாள். அவள் தமிழ்99 விசைப்பலகை முறையில் அடிப்பவள். இடக்கையில் உயிர், வலக்கையில் மெய் என்று திரையைப் பார்த்துக்கொண்டே வேகமாக அடிப்பவள். ஏரில் மூன்று இடத்தில் எழுத்து விட்டுப்போனது. கார்பனில் ஒன்றும் போகவில்லை. “இதுல விரல் போய் உட்காருது” என்றாள். விசைகளின் மேற்பரப்பு கொஞ்சம் குழிந்திருப்பதைத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். (பழைய திங்க்பேட் வைத்திருந்தவர்களுக்கு ஒரு நற்செய்தி: இடது மூலையில் எஃப்என் விசையை வைத்து வருடக்கணக்கில் எரிச்சலூட்டினார்களே, இந்தத் தலைமுறையில் அந்த இடத்தைக் கன்ட்ரோலுக்குக் கொடுத்துவிட்டார்கள்.)

கார்பன் 15 மி.மீ. தடிமன், 1.09 கிலோவிலிருந்து தொடங்கும் எடை. அந்தத் தடிமனில் முழு அளவு எச்டிஎம்ஐ ஒன்று, பழைய யுஎஸ்பி-ஏ இரண்டு, தண்டர்போல்ட் (யுஎஸ்பி-சி வடிவிலேயே இருக்கும் வேகமான போர்ட்) இரண்டு என்று எல்லாம் இருக்கின்றன. ஏரில் சார்ஜுக்கான மேக்சேஃப் தவிர இரண்டு தண்டர்போல்ட்தான், இரண்டும் இடப்பக்கமே. பென்டிரைவ் என்றால் ஒரு இணைப்பான் வேண்டும், புரொஜெக்டர் என்றால் இன்னொன்று. அவற்றையும் தராசில் வையுங்கள் என்பேன். கார்பனின் குறை பேட்டரி: 57 வாட்-அவர், அதிலும் குடிப்பது இன்டெல் சிப். முழு நாள் ஓடும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஃபேன் சத்தமும் அவ்வப்போது கேட்கும்.

ஜென்புக்கும் ஒரு டாங்கிளும்

தராசு மட்டுமே தீர்ப்புச் சொல்வதாக இருந்தால் ஜென்புக் ஏ14 எல்லோரையும் தோற்கடித்திருக்கும். 980 கிராம், 70 வாட்-அவர் பேட்டரி, ஓஎல்இடி திரை, எச்டிஎம்ஐயும் யுஎஸ்பி-ஏவும் உண்டு. உள்ளே இருப்பது குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ். செல்பேசிச் சிப்புகளின் அதே ‘ஆர்ம்’ என்ற வடிவமைப்பு வழி வந்தது, அதனால் குறைவாகக் குடிக்கும். பெரிய தொட்டி, சின்னக் குழாய். நான் ஏறக்குறைய இதைத்தான் சொல்வதாக இருந்தேன்.

அப்போது அக்கா கைப்பையிலிருந்து ஒரு பச்சை டாங்கிளை எடுத்து மேசையில் வைத்தாள். “இது இதுல ஓடும்ல?”

பதிப்பகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்க அவள் இன்றும் வைத்திருக்கும் பழைய தமிழ் டிடிபி மென்பொருளின் பூட்டு அது. செருகினால்தான் திறக்கும். ஆர்ம் சிப்பில் ஓடும் விண்டோஸ், இன்டெல்லுக்காக எழுதிய சாதாரண மென்பொருள்களைத் தானே மொழிமாற்றி ஓட்டிவிடும். இப்போது அது பெரும்பாலும் நன்றாகவே நடக்கிறது. ஆனால் டிரைவர்களை, அதாவது ஒரு கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் சிறு மென்பொருள்களை, அப்படி ஓட்ட முடியாது. டாங்கிள், பழைய பிரிண்டர், ஸ்கேனர் எதுவானாலும் ஆர்முக்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும். அந்த மென்பொருளுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை, இனி வரப்போவதுமில்லை. அது விண்டோஸுக்கானது என்பதால் மேக்கில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஒரு நொடியில் ஜென்புக்கும் ஏரும் வெளியே. ஒரு வாரமாக நான் போட்ட கணக்கில் பாதி வீண். இதை முதல் நாளே கேட்டிருக்கவேண்டும். உங்களுக்கு அப்படிப்பட்ட டாங்கிளோ பழைய மெஷினோ எதுவும் இல்லையென்றால், ஏரும் ஜென்புக்கும்தான் என் முதல் இரண்டு இடங்கள். அமைதியும் உறுதியும் வேண்டுமென்றால் ஏர், தோள் வலிக்கிறதென்றால் ஜென்புக்.

திரை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான்குமே நன்றாக இருக்கின்றன. ஜன்னலோரம் உட்காருகிறவர் மினுமினுப்பில்லாத திரை உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். ஓஎல்இடியின் கருப்பு அழகு, ஆனால் வெள்ளைப் பக்கத்தை நாள் முழுக்கத் திறந்துவைத்து எழுதுகிறவருக்கு அந்த அழகால் லாபமில்லை. வெள்ளையைக் காட்டத்தான் அது அதிக மின்சாரம் இழுக்கும்.

நினைவகத்தில் (ரேம்) மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நான்கிலும் அது போர்டோடு ஒட்டியது, வாங்கியபின் கூட்ட முடியாது. 16 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியையாவது பிற்பாடு மாற்ற கார்பனில் வழி உண்டு. கிராமில் இரண்டாவதாக ஒன்று செருகவே இடம் இருக்கிறது. ‘மெலிசு என்றால் ஒட்டித்தான் ஆகவேண்டும்’ என்று யாராவது சொன்னால் ஃபிரேம்வொர்க் லேப்டாப் 13ஐக் காட்டுங்கள். 1.3 கிலோ, 16 மில்லிமீட்டருக்குள், நினைவகம் முதல் பேட்டரி வரை திருப்புளி ஒன்றை வைத்துக்கொண்டு நாமே கழற்றி மாட்டலாம். சிலவகைச் சிப்புகளில் நினைவகம் சிப்போடு சேர்ந்தே வருகிறது, அங்கே வேறு வழியில்லை. மற்றவற்றில் ஒட்டுவது நிறுவனங்கள் தாங்களே எடுக்கும் முடிவு.

இன்னும் லேசு வேண்டுமா என்றால், கிடைக்கும். புஜிட்சு 2020இலேயே ஜப்பானில் 634 கிராமில் 13.3 அங்குல லேப்டாப் ஒன்றை அறிவித்தது. பேட்டரியைச் சுருக்கித்தான் அந்த எண்ணைத் தொட்டார்கள். லேப்டாப் இளைத்த அளவுக்குச் சார்ஜரைத் தூக்கவேண்டும்.

கடைசியில் மிஞ்சியவை கிராமும் கார்பனும். 90 கிராம் வித்தியாசம், பேட்டரியில் 15 வாட்-அவர் வித்தியாசம், இரண்டுமே கிராமுக்குச் சாதகம். நானாக இருந்தால் கிராம்தான். அக்கா இரண்டிலும் இன்னொரு பக்கம் அடித்துப் பார்த்துவிட்டு கார்பனை எடுத்துக்கொண்டாள். “நான் தூக்கறது அரை மணி நேரம், அடிக்கறது எட்டு மணி நேரம்டா” என்றாள். எதிர்த்துப் பேச எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என்னிடம் இருந்த 65 வாட் காலியம் நைட்ரைடு சார்ஜரை அவளுக்குக் கொடுத்தேன். தீப்பெட்டி இரண்டை அடுக்கினாற்போல இருக்கும். யுஎஸ்பி-சி என்பதால் அவளுடைய செல்பேசிக்கும் அதுவே போதும். மூன்றையும், கார்பன், சார்ஜர், கேபிள், சேர்த்துத் தராசில் வைத்தோம். முள் 1.24 கிலோவைத் தாண்டி ஒரு மயிரிழை தள்ளி நின்றது. ஏர் மட்டும் தனியாக இருக்கும் எடை.