நரம்பைப் புதுப்பிக்கிறோம் என்பவர்களிடம் முன்பணம் கட்டாதீர்கள்

பாதம் மரத்து, ராத்திரியானால் எரிந்து, பஞ்சு மேல் நடப்பதுபோல் இருக்கிறது என்று அலைகிறவர்கள், "நரம்பு மையம்" எதிலாவது பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் போன இடத்தின் விளம்பரம், "மருந்தே இல்லாமல் செத்த நரம்பை மறுபடி வளர்ப்போம்" என்றது. இலவசப் பரிசோதனை என்று ஒரு தகட்டின் மேல் நிற்கச் சொன்னார்கள். சாக்ஸைக்கூடக் கழற்றச் சொல்லவில்லை. திரையில் இரண்டு பாதமும் சிவப்பாகத் தெரிந்தன. வெள்ளைக் கோட்டு போட்டவர், "இப்போதே ஆரம்பிக்காவிட்டால் வீல்சேர்தான்" என்றார். அவர் டாக்டர் இல்லை, ஆலோசகர் என்பது பிறகுதான் தெரிந்தது. முழு பேக்கேஜுக்கும் முன்பணம். காலில் பட்டை ஒட்டி மின்துடிப்பு, சிவப்பு விளக்கு, கூடவே தினமும் விழுங்க ஒரு டப்பா கேப்சூல். மருந்து இல்லை என்றீர்களே என்று கேட்டதற்கு, அது "உணவுத் துணைப்பொருள்" என்றார்கள்!

சர்க்கரை, வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, மது, சில கீமோ மருந்துகள், ரத்தத்தில் சேரும் தேவையற்ற புரதம் என்று கால் மரத்துப்போக எத்தனையோ காரணம் உண்டு. அதில் ஒன்றைப் பற்றிக்கூட அங்கே கேட்கவில்லை. காரணம் தெரிந்துவிட்டால் பேக்கேஜ் எப்படி விற்கும்?

சில மாதத்தில் எரிச்சல் கைவிரலுக்கும் வந்தது. சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினேன். "நரம்புக்கு உயிர் வருகிறது, அதுதான் அப்படி" என்றார்கள். இந்த வசனத்தைக் கேட்டால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

நரம்பியல் மருத்துவர் முதலில் சாக்ஸைக் கழற்றச் சொன்னார். கண்ணை மூடவைத்து, 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை (டியூனிங் ஃபோர்க்) அதிரவிட்டுக் கால் பெருவிரலில் வைத்தார். அதிர்வு எப்போது நின்றது என்றார். எனக்கு அது ஆரம்பித்ததே தெரியவில்லை. அப்புறம், சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் மேஜையில் வைக்கச் சொன்னார். கேப்சூல் டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்தவர் முகம் மாறிவிட்டது. ஒவ்வொன்றிலும் வைட்டமின் பி6 100 மி.கி.; நாளுக்கு இரண்டு. பெரியவர்களின் அன்றாடத் தேவை சுமார் 1.3 முதல் 1.7 மி.கி.தான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் வைத்த உச்சவரம்பே 12 மி.கி. பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். நரம்புக்கென்று விற்றதே நரம்பைத் தின்றிருக்கிறது.

முதலில் வந்த பாத மரப்புக்குக் காரணம் வேறு. வருஷக்கணக்காக நான் போட்டுவந்த அசிடிட்டி மாத்திரை. வயிற்றில் அமிலம் குறைந்தால் உணவிலிருந்து பி12 சரியாகப் பிரியாது. என் பி12 எல்லைக்கோட்டில்தான் இருந்தது, லேப் அதை நார்மல் என்றே அச்சடித்திருந்தது. பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் மெதில்மலோனிக் அமிலத்தைப் பார்த்ததும் குறைவு உறுதியானது. ஊசி போட்டு வருகிறேன். கேப்சூலை நிறுத்திய பிறகும் கொஞ்ச நாள் எரிச்சல் ஏறிவிட்டுத்தான் இறங்கியது. பி6 விஷயத்தில் அப்படி ஆவதுண்டு என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. கைவிரல் தேவலை. பாதத்தில் உணர்வு மெதுவாகத்தான் திரும்புகிறது.

எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), பி12, தைராய்டு, கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), ரத்தப் புரத எலக்ட்ரோஃபோரெசிஸ் (தேவையற்ற புரதத்துக்கு) எல்லாம் பார்த்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். நரம்பில் மின்சைகை ஓடும் வேகத்தை அளக்கும் என்சிவி சோதனை நார்மலாக வந்தாலும் எரிச்சல் பொய்யாகிவிடாது. நுண்ணிய நரம்பிழைகளின் பாதிப்பு அதில் தெரியாது. எல்லாம் பார்த்தும் காரணம் அகப்படாதவர்களும் இருக்கிறார்கள், இந்த மையங்களுக்கு நல்ல வேட்டை அவர்கள்தான். ஒன்று மட்டும் தள்ளிப்போடக் கூடாதது: சில நாளிலேயே பலவீனம் காலிலிருந்து மேலே ஏறினால் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "சிகிச்சை ஆரம்பித்துவிட்டது, ஃபாரத்தில் கையெழுத்து இருக்கிறது" என்கிறார்கள். ரசீது, ஃபாரம், டப்பா லேபிளின் படம் மூன்றையும் வைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஆதாரமே அதுதான்.