சிஸ்ஸ்டாட்டா, புரோமிதியஸா: லினக்ஸ் சர்வரைக் கண்காணிக்க எது?

இரவு இரண்டு மணிக்கு சர்வர் திணறியது, காலையில் எல்லாம் சரியாக இருக்கிறது. டாப் கட்டளை அந்த நொடியை மட்டுமே காட்டும். நமக்கு வேண்டியது பழைய பதிவு.

ஒன்றிரண்டு சர்வர்தான் என்றால் சிஸ்ஸ்டாட் என்ற சிறு கருவித்தொகுப்பு போதும். சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வொர்க் கணக்கை வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை கோப்பில் எழுதிவைக்கும். அதன் சார் (sar) கட்டளையில் நேற்றைய நிலவரத்தைப் பார்க்கலாம். வரைபடம் வேண்டுமா? அதனுடன் வரும் சாட்எஃப் கட்டளை எஸ்விஜி படமாகவே தந்துவிடும். சுமை மிகக் குறைவு. ஆனால் 20 நொடி மட்டும் சிபியு உச்சத்துக்குப் போனால், அது 10 நிமிடச் சராசரியில் கரைந்துவிடும். இடைவெளியை ஒரு நிமிடமாகக் குறைத்துவிடுங்கள், நான் முதலில் செய்வது அதைத்தான்.

புரோமிதியஸ் 2012இல் சவுண்ட்கிளவுட் என்ற இசைத்தள நிறுவனத்தில் தொடங்கிய கண்காணிப்பு மென்பொருள் திட்டம். ஒவ்வொரு சர்வரிலும் அதன் நிலவர எண்களைத் தரும் நோட் எக்ஸ்போர்ட்டர் என்ற சிறு நிரல் ஓடும். புரோமிதியஸ் 15 நொடிக்கு ஒருமுறைகூட அதனிடம் எண்களைக் கேட்டு வாங்கும். கிராஃபானா என்ற தனி மென்பொருள் அவற்றை வரைந்து காட்டும். எனக்குப் பெரிய வித்தியாசமாகப் படுவது வேறொன்று: தரவு வேறு இயந்திரத்தில் சேர்கிறது. சர்வர் அடியோடு விழுந்தாலும் அதன் கடைசி நிமிடங்கள் கையில் இருக்கும். சிஸ்ஸ்டாட் கோப்போ அந்த டிஸ்கிலேயே மாட்டிக்கொள்ளும். எல்லை மீறினால் எச்சரிக்கும் அலர்ட் வசதியும் புரோமிதியஸில்தான். அப்புறம், பதிவுகள் இயல்பாக 15 நாள் மட்டுமே இருக்கும் என்பதைக் கவனியுங்கள், நீட்டிக்கலாம்.

ஐந்து சர்வரைத் தாண்டினால் நான் புரோமிதியஸ் பக்கம். அப்போதும் சிஸ்ஸ்டாட்டை நீக்க மாட்டேன்.