இறந்த நண்பரின் ஃபேஸ்புக் பக்கம்: நினைவுக் கணக்கு வசதி எப்படி இருக்கிறது?

கூட வேலை பார்த்தவர் திடீரென்று இறந்துபோனாலும் அவருடைய ஃபேஸ்புக் கணக்குக்கு அது தெரியாது. பிறந்தநாள் வந்தால் வழக்கம்போல எல்லோருக்கும் நினைவூட்டும். விவரம் தெரியாத பள்ளித் தோழர் யாராவது ‘நூறாண்டு வாழ்க’ என்று எழுதிவிட்டுப் போவார். வீட்டார் கண்ணில் அது படவே கூடாது. அதற்காகவே கணக்கை நினைவுக் கணக்காக மாற்றும் வசதி இருக்கிறது. கட்டணம் கிடையாது.

இந்த வசதிக்குப் பின்னாலும் ஒரு சக ஊழியரின் மரணம் உண்டு. தன்னோடு ஃபேஸ்புக்கில் வேலைக்குச் சேர்ந்த உயிர் நண்பர் ஆறே வாரத்தில் சைக்கிள் விபத்தில் இறந்ததையும், அவர் பக்கத்தை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்ததையும் அங்கே பாதுகாப்புத் தலைவராக இருந்த மேக்ஸ் கெல்லி 2009 அக்டோபரில் எழுதினார்.

விண்ணப்பிப்பது எளிது. உதவிப் பக்கத்தில் உள்ள படிவத்தில் அவருடைய ப்ரொஃபைல், இறந்த தேதி, ஆதாரம் மூன்றையும் கொடுக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ் கைக்கு வராவிட்டாலும் பத்திரிகை இரங்கல் செய்தியோ நினைவு அட்டையோ போதும். நண்பரே விண்ணப்பிக்கலாம். ஆனால் கணக்கை அடியோடு நீக்கச் சொல்லும் உரிமை நெருங்கிய குடும்பத்தாருக்கும் சட்டப்படியான பொறுப்பாளருக்கும், அவரே முன்கூட்டி நியமித்தவர் இருந்தால் அவருக்கும்தான். நம் ஊரில் சிக்கல் பெயரில் வரும். சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், ஃபேஸ்புக்கில் ஊர்ப் பெயரோ புனைபெயரோ சேர்த்து இன்னொரு பெயர் என்றிருந்தால் இழுபறிதான். இரண்டு பெயரும் போட்ட இரங்கல் அட்டை ஒன்று இருந்தால் நல்லது.

மாற்றியதும் பிறந்தநாள் நினைவூட்டல் நின்றுவிடும், ‘இவரைத் தெரியுமா’ பட்டியலிலும் அவர் முகம் வராது. பழைய பதிவுகளும் படங்களும் அப்படியே இருக்கும். அவர் வைத்திருந்த செட்டிங்ஸ் இடம் கொடுத்தால் நண்பர்கள் அவர் பக்கத்தில் தொடர்ந்து எழுதலாம். இந்த அளவில் குறை சொல்ல எதுவும் இல்லை.

குறை வீட்டார் பக்கம் இருக்கிறது. அதன் பிறகு கடவுச்சொல் தெரிந்தவர்கூட உள்ளே நுழைய முடியாது. அவர் மனைவி ஃபேஸ்புக்கில் இல்லாதவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கணக்குத் தொடங்கி நட்பு வேண்டுகோள் அனுப்பினால் அதை ஏற்க ஆள் கிடையாது. ‘நண்பர்களுக்கு மட்டும்’ என்று கணவர் போட்ட படங்களை அலுவலகத்தில் இருநூறு பேர் பார்க்கலாம், அவர் பார்க்க முடியாது. இது பெரிய அநியாயம். எனவே விண்ணப்பிக்கும் முன் வீட்டாரிடம் கேளுங்கள், படங்களைத் தரவிறக்கி அவர்களிடம் கொடுங்கள்.

இன்னொரு கண்ணியும் உண்டு. அலுவலகத்தின் அல்லது சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கத்துக்கு அவர் ஒருவர்தான் அட்மின் என்றால், கணக்கு மாறியதும் அந்தப் பக்கமே நீக்கப்படும். முதலில் அதைப் பாருங்கள்.

இந்தச் சிக்கல்களில் பாதியைத் தீர்ப்பது, தன் மறைவுக்குப் பிறகு கணக்கைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமித்துவைக்கும் ‘லெகசி கான்டாக்ட்’ என்ற ஏற்பாடு. 2015இல் வந்தது. நியமிக்கப்பட்டவர் நட்பு வேண்டுகோளை ஏற்கலாம், முகப்புப் படத்தை மாற்றலாம், அறிவிப்பு ஒன்றை மேலே நிறுத்திவைக்கலாம், கணக்கை நீக்கக் கோரலாம். இறந்தவரின் உள்பெட்டிச் செய்திகளை அவரும் படிக்க முடியாது, அது சரியான முடிவு. ஆனால் உயிரோடு இருக்கும்போதே நியமித்திருந்தால்தான் உண்டு. திடீர்ச் சாவுகளில் பெரும்பாலும் அது நடந்திருக்காது.

வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு வசதியே இல்லை, 120 நாள் பயன்படாமல் கிடந்தால் கணக்கு பொதுவாக அழிக்கப்படும். குழுவில் அவர் அனுப்பிய குரல் பதிவுகள் வேண்டுமென்றால் உங்கள் போனிலிருந்து இப்போதே எடுத்து வேறு இடத்தில் சேமியுங்கள். போன் மாற்றும்போது அவைதான் முதலில் தொலையும்.