காரைக்குடிப் பக்கம் ‘கையடக்க’ புல்-அவுட் குழாய் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று பழைய வீடுகளில் பின்கட்டு அடுப்படியைப் புதுப்பிக்கும் வேலை நிறைய நடக்கிறது. கிரானைட் மேடை, ஆழமான சிங்க், அதன் மேல் தலையை இழுத்துக் கழுவுகிற புல்-அவுட் குழாய். கேட்பதில் தப்பே இல்லை. விசேஷம் என்றால் அண்டாவும் குண்டானும் சிங்க்கில் சாய்ந்து நிற்கிற வீடுகளுக்கு இதைவிட உபயோகமான குழாய் கிடையாது. ஆனால் ‘கையடக்கம்’ என்ற பெயரில் இப்போது கைமாறும் ஒரு வகைச் சரக்கைப் பற்றி, குழாய் வேலை பார்க்கிற நாங்கள் சிலர் சேர்ந்து எச்சரிக்க வேண்டியிருக்கிறது. கடையின் பெயரைப் போடவில்லை. சரக்கை அடையாளம் கண்டுகொண்டால் போதும்.

கோட்டையூரில் ஒரு வீடு. மணிவிழாவுக்குள் அடுப்படி முடிய வேண்டும் என்ற அவசரம். “ஆச்சி, இது முழுக்க 304 ஸ்டீலு. காந்தமே ஒட்டாது பாருங்க” என்று, துருப்பிடிக்காத நல்ல ரக ஸ்டீலின் நம்பரைச் சொல்லி, கடையில் காந்தத்தை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஒட்டவில்லை. ஆறாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கி மாட்டினார்கள். ஸ்ப்ரே பட்டனை அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சாமல் வழிந்தது, விரலை எடுத்ததும் பட்டன் தானாகத் திரும்பியது. கடையில் கேட்டதற்கு, “உங்க வீட்ல பிரஷர் பத்தலை ஆச்சி, பம்பு போட்டுருங்க” என்று பம்ப்பையும் விற்றார்கள். பம்ப் மாட்டிய பிறகு ஸ்ப்ரே வந்தது. கொஞ்ச நாளில் ஹோஸ், முனையில் உலோக வளையத்தால் அழுத்தி மூடிய இடத்தில் பிய்ந்து, சிங்க்குக்குக் கீழே பிளைவுட் கப்போர்டு முழுக்க ஊறி உப்பிவிட்டது. திரும்பப் போனால் பதில்: “பத்து வருஷ வாரண்டி பாடிக்கு மட்டும்தான். ஹோஸுக்கும் தலைக்கும் கிடையாது. உப்புத் தண்ணிக்கும் கிடையாது.”

அந்தத் தலையைக் கழற்றிப் பார்த்தால் விஷயம் விளங்குகிறது. ஹோஸ் மாட்டும் வாயில் இருக்க வேண்டிய, தண்ணீர் திரும்பி ஓடாமல் தடுக்கும் செக் வால்வ் இல்லை. மண்ணைத் தடுக்கும் வலை வாஷர் இல்லை. தலையும் ஹோஸும் சேருமிடத்தில் சுழலும் மூட்டு இல்லை. இழுத்த தலையைத் திரும்ப உட்கார வைக்க ஹோஸில் மாட்டும் வெயிட் பேருக்கு ஒன்று. வெளிக்கூடு ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் மேல் குரோம் முலாம், பாடி துத்தநாகக் கலவை. சின்னதாகத் தெரிவதற்காக உள்ளே இருக்க வேண்டியதை எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

முதலில் அந்தக் காந்தம். 304 மட்டுமல்ல, பித்தளையிலும் காந்தம் ஒட்டாது, துத்தநாகக் கலவையிலும் ஒட்டாது, பிளாஸ்டிக்கிலும் ஒட்டாது. மாங்கனீஸ் கூடுதலாக உள்ள மலிவான 201 ஸ்டீலிலும் ஒட்டாது. உண்மையான 304-ஐ வளைத்து அழுத்தி உருவாக்கிய இடங்களில் லேசாக ஒட்டக்கூடச் செய்யும். ஆகவே அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. குழாயைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பாகத்தையும் மரை உள்பக்கத்தையும் பாருங்கள். முலாம் ஏறாத இடத்தில் மஞ்சள் என்றால் பித்தளை. மங்கிய சாம்பல் நிறமாக, வார்ப்புச் சொரசொரப்போடு இருந்தால் துத்தநாகம். தொட்டதும் சில்லென்று இல்லாமல், நகத்தால் தட்டினால் பொத்தென்று கேட்டால் பிளாஸ்டிக். 201-ஐயும் 304-ஐயும் பிரிக்கப் பழைய இரும்புக் கடைக்காரர்கள் ஸ்டீலைச் சோதிக்கும் ரசாயனச் சொட்டும் 9 வோல்ட் பேட்டரியும் வைத்திருப்பார்கள். சொட்டு சிவந்தால் 201.

தலை பிளாஸ்டிக்காக இருப்பது குற்றம் இல்லை. நல்ல குழாய்களிலேயே ஏ.பி.எஸ். தலை வருகிறது. எடை குறைவு, சூடும் ஏறாது. பிளாஸ்டிக்கை ஸ்டீல் என்று விற்பதுதான் ஏமாற்று. மலிவான முலாம் உரியத் தொடங்கினால் அதன் விளிம்பு பிளேடு மாதிரி விரலைக் கீறும். முலாம் பூச்சையும் உலோக அரிப்பையும் ஆராய்கிற, 1948-இல் அடிக்கல் நாட்டி எழுப்பிய சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிற ஊர் காரைக்குடி. அதே ஊரில் இந்த முலாமை ஸ்டீல் என்று நம்ப வைப்பது எங்களுக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

செக் வால்வ் இல்லாததுதான் பெரிய ஆபத்து. ஊறப்போட்ட அண்டாவுக்குள் தலை மூழ்கிக் கிடக்கிறது, லீவர் திறந்திருக்கிறது என்று வையுங்கள். அந்த நேரம் தொட்டி காலியாகி, தாழ்வான இடத்தில் யாராவது இன்னொரு குழாயைத் திறந்தால், லைனில் இறங்கும் தண்ணீர் அண்டாவின் எச்சில் தண்ணீரையும் உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்து யாரோ அதே குழாயில் குடத்தை வைத்துப் பிடிப்பார்கள். சோதிப்பது சுலபம். தலையைக் கழற்றி, ஹோஸ் மாட்டும் வாயில் உதட்டை வைத்து ஊதுங்கள்: லேசான தடையோடு காற்று போக வேண்டும். அதே வாயில் உறிஞ்சுங்கள்: காற்று வரக்கூடாது. உள்ளே எட்டிப் பார்த்தால் ஸ்பிரிங்கோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் உருளை தெரியும். சில கம்பெனிகள் அதை ஹோஸ் முனையிலோ பாடியிலோ வைப்பார்கள். எங்கே இருக்கிறது என்று கேட்டால் கடைக்காரர் காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

தலையில் தண்ணீரை நிறுத்தி வைக்கும் மூன்றாவது பட்டன் இருந்தால் இன்னும் கவனம். லீவரை நடுவில் விட்டுவிட்டுத் தலையில் மட்டும் நிறுத்தினால், கீசர் லைனும் பச்சைத் தண்ணீர் லைனும் உள்ளே ஒன்றோடொன்று சேரும். எந்தப் பக்கம் அழுத்தம் அதிகமோ அது மறுபக்கம் தள்ளும். ஹோஸும் முழு அழுத்தத்தில் விறைத்து நிற்கும். கோட்டையூர் வீட்டில் பம்ப் போட்ட பிறகு ஹோஸ் பிய்ந்தது அப்படித்தான். நிறுத்துவதை எப்போதும் லீவரில் நிறுத்துங்கள்.

அடக்கமான தலை என்றால் எப்படி இருக்க வேண்டும்? கைப்பிடியின் விட்டம் 30 முதல் 38 மில்லிமீட்டர். அதற்கு மேல் போனால் எண்ணெய்க் கையில் வழுக்கும், வயதானவர்களுக்கு விரல் சுற்றி வராது. எடை 200 கிராமுக்குள். பட்டன் கட்டைவிரல் தானாகப் போய் விழும் இடத்தில், மேல்பக்கம். முன்பக்கம் ஸ்ப்ரே துளைகளுக்கு அருகில் பட்டன் வைத்த மாடல்களில் அழுத்தும்போது கை தண்ணீருக்குள் போகிறது, அதை வாங்காதீர்கள். ஸ்ப்ரே துளைகள் சிலிக்கான் முனையாக இருந்தால் நம்ம ஊர் போர் தண்ணீர் உப்பு படிந்தாலும் விரலால் தேய்த்தே உதிர்த்துவிடலாம், கெட்டிப் பிளாஸ்டிக் துளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொள்ளும். ஹோஸ் ஒன்றரை மீட்டர், நைலான் பின்னல் என்றால் சத்தமில்லாமல் ஓடும். வெயிட் தலையைவிட நன்றாகக் கனமாக இருந்தால்தான் உரசலையும் மீறித் தலையை இழுத்து உட்கார வைக்கும். கடையிலேயே பாடியை நிமிர்த்திப் பிடித்து, வெயிட்டை மாட்டச் சொல்லி, முழுக்க இழுத்து விட்டுப் பாருங்கள்.

இனி பிரஷர். தொட்டியின் அடிமட்டத்திலிருந்து குழாய் வாய் வரை எத்தனை மீட்டரோ, அதில் பத்தில் ஒரு பங்குதான் ‘பார்’ என்ற அழுத்த அளவு. ஓட்டு வீடுகளில் பின்பக்கம் ஸ்டாண்டு போட்டுத் தொட்டி வைத்திருப்போம், நாலு மீட்டர் உயரம் என்றால் 0.4 பார். நிறைய புல்-அவுட் குழாய்களுக்குக் குறைந்தது 0.5 அல்லது 1 பார் வேண்டும். பெட்டியிலோ உள்ளே உள்ள தாளிலோ அது போட்டிருக்கும். போடாத பெட்டியைத் தொடாதீர்கள். பட்டன் தானாகத் திரும்பியதற்குக் காரணமும் இதுதான்: அந்த வகைப் பட்டனைப் பிடித்து வைப்பது தண்ணீரின் அழுத்தம். அழுத்தம் குறைந்தால் ஸ்பிரிங் ஜெயித்துவிடும். குறைந்த அழுத்த வீடுகளுக்கு ‘டிக்’ என்று நின்றுகொள்ளும் ராக்கர் பட்டன் உள்ளதைக் கேளுங்கள். வாங்கும் முன் பழைய குழாயில் ஒரு லிட்டர் பாட்டில் நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 10 வினாடி என்றால் நிமிடத்துக்கு 6 லிட்டர், பரவாயில்லை. 20 வினாடி ஆனால் புல்-அவுட் வேண்டாம், அல்லது முதலில் தொட்டியை உயர்த்துங்கள், லைனை மாற்றுங்கள். ஹோஸின் தரம் தெரியாமல் பம்ப் போடுவது கடைசி வழி.

மாட்டும்போது செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். சிங்க்குக்குக் கீழே சுவரில் உள்ள ஆங்கிள் காக் குழாயைத் திறந்து வாளியில் விட்டு லைனில் உள்ள மண்ணை முழுக்க வெளியேற்றிய பிறகே ஹோஸை இணைக்க வேண்டும், இல்லையென்றால் லீவருக்கு அடியில் தண்ணீரைத் திறந்து மூடும் செராமிக் கார்ட்ரிட்ஜ் கீறிச் சொட்டத் தொடங்கும். ரப்பர் வாஷர் உள்ள இடத்தில் டேப் சுற்றக்கூடாது. கையால் இறுக்கி, பிறகு ஸ்பானரில் கால் சுற்று போதும். சிங்க்குக்குக் கீழே ஆர்.ஓ. டேங்கும் குப்பைக் கூடையும் இருந்தால் வெயிட் தொங்கி இறங்க ஒரு பக்கம் காலியாக விடுங்கள். உப்புக் கறைக்கு ஆசிட் ஊற்றினால் எந்த முலாமும் நிற்காது. வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, தலையை அரை மணி நேரம் ஊறவைத்து நல்ல தண்ணீரில் அலசினால் போதும்.

பெட்டியில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும், மாதம், வருடம், எம்.ஆர்.பி., புகார் எண் எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். கோட்டையூர் வீட்டுப் பெட்டியில் முகவரியே இல்லை. பில்லுக்குப் பதில் ‘எஸ்டிமேட்’ என்று எழுதிய துண்டுச்சீட்டுதான். ஜி.எஸ்.டி. பில்லில் மாடல் பெயரும் ‘எஸ்.எஸ். 304’ என்ற வார்த்தையும் எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பில் இல்லாதவர்கள் துண்டுச்சீட்டு, பணம் அனுப்பிய யு.பி.ஐ. பதிவு, கழற்றிய தலையின் படம் மூன்றையும் சேர்த்து வையுங்கள். பிய்ந்த ஹோஸைக் கடையில் கொடுத்துவிடாதீர்கள். பம்ப்பையும் அதே கடையில் வாங்க வைத்திருந்தால் இரண்டையும் ஒரே புகாரில் எழுதுங்கள்: வீட்டுப் பிரஷருக்கு ஒத்துவராத குழாயை விற்றதற்கு அந்தப் பம்ப் சீட்டு நல்ல ஆதாரம்.