ஷீ-பாக்ஸ்: புகாரைக் கொண்டுசேர்க்கும், விசாரிக்காது

மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் ஷீ-பாக்ஸ் இணையதளம் 2017-ல் வந்தது. 2024 ஆகஸ்ட் 29 அன்று புது வடிவில் மறுபடி திறக்கப்பட்டது. வேலையிடத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளான பெண், அரசு அலுவலகமானாலும் தனியார் கம்பெனியானாலும், இதில் புகார் பதியலாம். புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று பின்னால் பார்த்துக்கொள்ளலாம். கட்டணம் கிடையாது.

மத்திய அமைச்சகத்தின் பெயரைப் பார்த்து, டெல்லியிலிருந்து யாரோ விசாரிக்க வருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பதிந்த புகார் அந்த நிறுவனத்தின் உள்ளகப் புகார் குழுவுக்கோ, மாவட்டத்தின் உள்ளூர் புகார் குழுவுக்கோ போகும். விசாரணை அங்கேதான். ஆகவே, பதிவதற்கு முன்பே உங்கள் அலுவலகக் குழு முறைப்படி அமைந்ததா என்று பார்த்துவிடுங்கள்.

வேலையிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழு இருந்தே ஆகவேண்டும். தலைவர், அங்கே மூத்த பொறுப்பில் உள்ள பெண். ஊழியர்களில் குறைந்தது இரண்டு பேர். வெளியிலிருந்து, பெண்கள் நலனுக்காக இயங்கும் தொண்டு அமைப்பைச் சேர்ந்தவரோ இந்த விஷயம் தெரிந்தவரோ ஒருவர். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். பெரும்பாலும் கோளாறு அந்த வெளி உறுப்பினர் இடத்தில்தான். அந்த நாற்காலி காலியாக இருக்கும். இல்லாவிட்டால் முதலாளிக்கு வேண்டியவரே உட்கார்ந்திருப்பார். உள்ளே எல்லோருக்கும் சம்பளம் தரும் கை ஒன்றே என்பதால்தான் சட்டம் வெளியாள் ஒருவரைக் கேட்கிறது. குழுவே அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

பத்துப் பேருக்குக் குறைவான கடை, பட்டறை, கிளினிக் என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ, உள்ளூர் குழுவிடம் போகவேண்டும். தமிழ்நாட்டில் அந்தக் குழு எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் மாவட்ட சமூக நல அலுவலகம். வீட்டுவேலை செய்பவர்களுக்கும் இதே வழிதான்.

புகாரை எழுதுவதுதான் முக்கியமான வேலை. "சார் அடிக்கடி தப்பாகப் பேசுகிறார்" என்று ஒரு வரி எழுதினால் எதிர்த்தரப்பு ஒரே வரியில் மறுத்துவிடும். இப்படி எழுதுங்கள்: "மார்ச் 4, மாலை 6.40, இரண்டாம் மாடி ஸ்டோர் ரூம். லெட்ஜரை வாங்கும் சாக்கில் கையைப் பிடித்தார். சொன்ன வார்த்தை இது. வாசலில் பில்லிங் பிரிவு ஊழியர் நின்றிருந்தார். இரவு 9.12-க்கு வாட்ஸ்அப்பில் இந்த மெசேஜ் வந்தது." நாகரிகம் கருதி வார்த்தையை மாற்றாதீர்கள், அவர் சொன்னதை அப்படியே எழுதவேண்டும். சாட்சிகளின் பெயர், முகவரி சேருங்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாலும், போனில் உள்ள மூல மெசேஜை அழிக்காதீர்கள். பதிவு செய்ததும் புகார் எண்ணையும் தேதியையும் படம் எடுத்து வையுங்கள்.

தேதி ஏன் முக்கியம் என்றால், சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கவேண்டும். தொடர் தொல்லை என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். "சமாதானமாகப் போய்விடலாம்" என்று மேனேஜர் வாய்மொழியாகப் பேசியே இந்தக் கெடு கரைந்துபோவதுண்டு. பேசட்டும், ஆனால் எழுத்துப் புகார் முதலில் போய்விடவேண்டும். சமரசத்தைப் பாதிக்கப்பட்டவர் கேட்டால்தான் குழு எடுக்கலாம். அதிலும் பணம் கொடுத்து முடிக்கக் கூடாது.

விசாரணை 90 நாளில் முடியவேண்டும். முடிந்த 10 நாளில் அறிக்கை இரு தரப்புக்கும் தரப்படவேண்டும், 60 நாளில் நிறுவனம் நடவடிக்கை எடுக்கவேண்டும். ஒவ்வொரு அமர்விலும் தலைவர் உட்படக் குறைந்தது மூன்று உறுப்பினர்கள் இருக்கவேண்டும். வக்கீலுக்கு அனுமதி இல்லை. விசாரணை நடக்கும்போதே இடமாற்றமோ, வழக்கமான விடுப்புக்கு மேல் மூன்று மாதம் வரை விடுப்போ எழுத்தில் கேட்கலாம். கேட்காமல் விட்டு, அதே ஆளின் எதிர் மேசையில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பெண்களை நினைத்தால் மனம் கொதிக்கிறது.

"நிரூபிக்க முடியாவிட்டால் என் மேலேயே திரும்பிவிடுமா?" என்ற பயம்தான் பலர் வாயை அடைக்கிறது. சட்டம் இதில் தெளிவு: ஆதாரம் போதாது என்பதற்காக மட்டும் ஒரு புகாரைப் பொய்ப் புகார் என்று சொல்லிவிட முடியாது. கெட்ட எண்ணத்தோடு கொடுத்தது என்று தனியே விசாரித்து முடிவுசெய்தால்தான் நடவடிக்கை.

மதிப்பெண் என்று கேட்டால், தபால்காரராக ஷீ-பாக்ஸுக்கு நல்ல மதிப்பெண் தரலாம். புகார் வரவே இல்லை என்று அலுவலகம் கைவிரிக்க முடியாதபடி தேதியோடு ஒரு பதிவு நிற்கிறது. அது சின்ன விஷயம் இல்லை. குறை, இணையம் பழகாத தையல் யூனிட் பெண்ணுக்கு இது எட்டாது. அவர் காகிதத்திலேயே கொடுக்கலாம்: விதிப்படி ஆறு நகல். எழுதத் தெரியாவிட்டால் எழுதித் தரவேண்டிய பொறுப்பு குழுவினுடையது. முடிவு திருப்தி இல்லை என்றால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு ஷீ-பாக்ஸ் வழி அல்ல, சட்டம் குறிப்பிடும் மேல்முறையீட்டு அமைப்பிடம் தனியாகப் போகவேண்டும்.