காயலான் கடை நியான் டிரான்ஸ்பார்மர்: 30 மில்லியாம்ப்பைத் தாண்டினால்

பழைய வண்ணாரப்பேட்டை, மூலக்கொத்தளம் பக்கம் காயலான் கடையில் இரும்பு கோர் போட்ட நியான் டிரான்ஸ்பார்மர் (நியான் விளம்பரப் பலகைக்கு உயர் வோல்ட் தருவது) கண்ணில் பட்டால் விடாதீர்கள். 15 கிலோவோல்ட், 30 மில்லியாம்ப், 450 விஏ (வோல்ட்-ஆம்பியர்) உருப்படிதான் டெஸ்லா காயில் (நீளப் பொறி பறக்கவிடும் சுருள்) போன்ற பொழுதுபோக்கு வேலைக்குத் தோது. எலக்ட்ரானிக் வகை வேண்டாம். பொறி தாவியதும் பாதுகாப்பு சர்க்யூட் அணைத்துவிடும்.

மல்டிமீட்டரோடு போங்கள். ஒவ்வொரு பீங்கான் புஷிங்கிலிருந்தும் (உயர் வோல்ட் வெளிவரும் முனை) பெட்டிக்கு ஓம் பார்த்தால், சில ஆயிரம், இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாக வரவேண்டும். ஒரு பக்கம் காட்டவே இல்லையென்றால் செகண்டரி (உயர் வோல்ட் பக்கச் சுருள்) அறுந்தது. விளிம்பில் தார் வழிந்து உறைந்திருந்தால் யாரோ ஏற்கெனவே வறுத்துவிட்டார்கள்.

கரண்ட்டைக் கட்டிப்போடுவது கோருக்குள் இருக்கும் ஷண்ட் தகடுகள். சிலவற்றை உருவி 30-ஐ 42 ஆக்கலாம். காயில் சூடு இரண்டு மடங்காகும். செகண்டரி தாரில் புதைந்திருப்பதால் பெட்டி வெதுவெதுப்பாக இருக்கும்போதே உள்ளே தார் இளகியிருக்கும். ஒரு நிமிடம் ஓட்டிப் பத்து நிமிடம் ஆறவிட்டால் பெரும்பாலும் தாங்கும். ஆனால் தகடுகளை உருவத் தாரைச் சுரண்டும்போதே காகித இன்சுலேஷன் கிழிந்து பாழாவதுதான் அதிகம்.

வோல்ட்டை ஏற்றவே ஏற்றாதீர்கள். டிம்மர்ஸ்டாட்டில் (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் கருவி) 270 வைத்தால் கோர் சேச்சுரேட் ஆகி (காந்தம் நிரம்பி), மின்சாரம் நுழையும் பிரைமரி சுருளில் கரண்ட் எகிறும். செகண்டரியின் ஒவ்வொரு பாதியும் 7.5 கிலோவோல்ட்டுக்குச் சுற்றியது. உள்ளே ஒருமுறை கரித்தடம் விழுந்தால் அவ்வளவுதான்.

தெரியாமல் வோல்ட் ஏறும் வழி டெஸ்லா காயில் கப்பாசிட்டர். 50 ஹெர்ட்ஸில் 6.4 நானோஃபாரட் போட்டால் டிரான்ஸ்பார்மரின் ஏசி தடையான 5 லட்சம் ஓமோடு (15,000 ÷ 0.03) ரெசனன்ஸ் (ஒத்ததிர்வு) ஆகி செகண்டரியைத் துளைத்துவிடும். (60 ஹெர்ட்ஸ் நாட்டுக் கணக்கில் இது 5.3, அங்கே போட்ட அட்டவணைகளை இங்கே நம்பாதீர்கள்.) 10 நானோ போடுங்கள். இரண்டு புஷிங்கிலிருந்தும் எர்த்துக்கு உருண்டை முனையோடு 4 மில்லிமீட்டர் பாதுகாப்பு இடைவெளி வையுங்கள்.

காசிமேடு, ராயபுரம் கடற்காற்றில் பீங்கான் மேல் உப்பு படிந்து பொறி ஊரும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடையுங்கள். செகண்டரியில் கை பட்டால் வீட்டு ஆர்சிசிபிக்கு (கரண்ட் கசிந்தால் அணையும் சுவிட்ச்) தெரியவே தெரியாது; பிளக்கைப் பிடுங்கி, கப்பாசிட்டரை ஷார்ட் செய்த பிறகே கை வையுங்கள். மைக்ரோவேவ் டிரான்ஸ்பார்மர் மலிவு, 2,000 வோல்ட்தான். அது தரும் கரண்ட்டில் தொட்டவர் பிழைப்பது அரிது.

கூடுதல் பவருக்கு ஒன்றை வறுப்பதைவிட இரண்டை இணையாகப் போடுவது மேல். இரண்டின் ஒரே பக்க செகண்டரி ஒயர்களை அரை மில்லிமீட்டர் இடைவெளியில் நிறுத்தி, தள்ளி நின்று பிரைமரிக்கு 50 வோல்ட் கொடுங்கள். பொறி வந்தால் ஒன்றின் பிரைமரி ஒயரை மாற்றிப் போடுங்கள்.