பான்சோடான் பக்கத்து இங்கிலீஷ் வகுப்பு: வினைச்சொல்லுக்காகவே போகலாம்

யாங்கோனில் பான்சோடான் தெருப் பக்கம், ஒரு சந்தில் மூன்றாம் மாடியில் நடக்கும் மாலை வகுப்பு இது. லிஃப்ட் கிடையாது. கரண்ட் போனால் காற்றும் கிடையாது.

ஆனால் வினைச்சொல் பாடம் அருமை. 'வான்ட்' வந்தால் 'டு கோ', 'என்ஜாய்' வந்தால் 'கோயிங்' என்று பட்டியலை நீட்டி மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை. சயாமா (ஆசிரியை) பலகையில் இரண்டே வரி எழுதினார்: 'ஹி ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்', 'ஹி ஸ்டாப்ட் டு ஸ்மோக்'. முதல் ஆள் சிகரெட்டையே விட்டவர். இரண்டாவது ஆள் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டுப் பற்ற வைக்கிறார். 'ரிமெம்பர்', 'ஃபர்கெட்' இரண்டிலும் இதே மாதிரி பொருள் மாறும் என்று அவரவர் வீட்டுக் கதையை வைத்தே வாக்கியம் அமைக்கச் சொன்னார். கேஸ் அடுப்பை அணைக்க மறந்த கதைதான் அதிகம்!

'லெட்', 'மேக்' வந்தால், ஆளைச் சொன்ன பிறகு 'டு' வராது: 'லெட் மி கோ', 'ஷி மேட் மி வெயிட்'. சரி. ஆனால் 'ஐ வாஸ் மேட் டு வெயிட்' என்று செயப்பாட்டு வினையாக மாற்றிச் சொன்னால் அந்த 'டு' மறுபடி வந்துவிடும். இதை வகுப்பில் தொடவே இல்லை. கேட்டதற்கு 'அடுத்த நிலையில் வரும்' என்றார்கள். அடுத்த நிலைக்குத் தனிக் கட்டணம்.

குறிப்புத் தாளில் விளக்கமெல்லாம் பர்மிய மொழியில்தான். அதைச் சரளமாக வாசிக்காத நம் பெரியவர்கள் பிள்ளைகளில் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போவது நல்லது. ஜன்னலோர இருக்கைக்குச் சீக்கிரமே போய்விடுங்கள்.